வழுக்கையாற்று வாய்க்காலில் குப்பை மறித்தோம்: மிதவை, வண்டல், செலவுக் கணக்கு

எங்கள் ஊர் வாய்க்காலில், மிதந்து வரும் குப்பையை மறிக்கக் கட்டிய மிதவை 2024 மாரியைத் தாண்டிவிட்டது. ஃபெஞ்சல் புயல் மழையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நவாலிப் பக்கமும் அராலிப் பக்கமும் உள்ள சில சனசமூக நிலையங்களில் இருந்து "எப்படிக் கட்டினீர்கள், என்ன செலவு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதை விட எழுதிப் போடுவது சுகம். எல்லாரும் கேட்பது மிதவையைப் பற்றி. எங்கள் நேரத்தையும் காசையும் கூடுதலாகத் தின்றதோ வேறு ஒன்று: வாய்க்காலில் இருந்து எடுத்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதைப் பற்றியும் எழுதாமல் மிதவையின் அளவை மட்டும் தந்தால் பாதிதான் சொன்னதாக இருக்கும்.

வழுக்கையாறு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது இது ஒன்றுதான். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வந்து அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. மாரியில்தான் ஓடும். சித்திரை வைகாசியில் போனால் ஆற்றுக்கு நடுவில் பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையை ஏந்தி, குளம் குளமாக நிரப்பி, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறக்கி, எங்கள் கிணறுகளுக்கு அனுப்புவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது ஆற்றில் வந்து விழும் ஒரு கிளை வாய்க்காலை. றோட்டு மதகில் இருந்து ஆறு வரைக்கும் ஏறத்தாழ 400 மீற்றர். அகலம் 9 முதல் 12 அடி. ஆழம் மூன்றரை அடி இருக்கவேண்டியது, வண்டல் நிரம்பி ஒன்றரை அடியாகக் கிடந்தது.

ஆட்கள்: நான் படிப்பிக்கும் பாடசாலையின் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள், உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சிலர், சனசமூக நிலையம், கமக்காரர் அமைப்பு, வாய்க்கால் ஓரத்து வீட்டுக்காரர். அனுமதிக் கடிதங்களுக்கு ஆடி மாதம் முழுக்கப் போனது. கிராம சேவையாளர், பிரதேச சபை, கமநல சேவை நிலையம், பிள்ளைகளுக்கு வலயக் கல்விப் பணிமனை, அப்புறம் பெற்றோரின் கையொப்பம். இதில் குறுக்குவழி தேடவேண்டாம். பின்னால் ஒரு பிள்ளைக்குக் காலில் கண்ணாடி கிழித்தால் அந்தக் கடிதம்தான் நிற்கும்.

நேரம் பிடிப்பதுதான் அதைவிடப் பெரிய பாடு. ரியூசன் இல்லாத நேரம் என்று யாழ்ப்பாணத்தில் ஒன்று கிடையாது. கடைசியில் சனிக்கிழமை காலை ஆறு மணியில் இருந்து எட்டரை வரை என்று முடிவாகியது. பிள்ளைகள் ரியூசன் பையோடு வந்து அப்படியே வகுப்புக்குப் போனார்கள். சேறு மணத்தோடு உட்கார்ந்திருந்ததாகப் பின்னால் முறைப்பாடு வந்தது.

ஆவணியில் துப்புரவு தொடங்கியது. மண்வெட்டி, அலவாங்கு, கடகம், தாச்சி, கொக்கத்தடி எல்லாம் வீடுகளில் இருந்து வந்தன. வாங்கியது தடித்த இறப்பர் கையுறையும் உரப்பையும் மட்டும். மெல்லிய வெள்ளைக் கையுறையை வாங்காதீர்கள், இப்பிலிப்பில் கட்டை ஒன்றை இழுத்தாலே கிழிந்துவிடும். தண்ணீருக்குள் இறங்குவது உயர்தரப் பெடியளும் பெரியவர்களும் மட்டும், அதுவும் முழங்கால் அளவுக்கு மேல் இல்லை. சின்னப் பிள்ளைகள் கரையில் இருந்து தரம் பிரிப்பார்கள். சம்புப் புல்லுக்குள் கை விடுவதற்கு முன் தடியால் தட்டவேண்டும், புடையன் பாம்பு கிடக்கும். நாங்கள் ஒன்றைக் கண்டோம், அது தன்பாட்டில் போனது.

ஆகாயத்தாமரையை வெட்டத் தேவையில்லை. கொக்கத்தடியால் கொழுவி இழுத்தால் பாயாக வரும். ஈரத்தில் தூக்கிக் கொண்டுபோக முயலாதீர்கள், பாரத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். கரையில் இருந்து தள்ளி, தண்ணீர் ஏறாத இடத்தில் ஒரு கிழமை வெயிலில் விரித்தால் நான்கு பை ஒரு பைக்குள் அடங்கும். பிறகு மாட்டுச் சாணியோடு அடுக்கடுக்காகப் போட்டுப் பசளையாக்கினோம். காயாமல் அடியில் கிடந்தவை அந்தக் குவியலுக்குள்ளேயே துளிர்த்தன, அவற்றைத் திரும்ப எடுத்துக் காயப்போட வேண்டியிருந்தது. சம்பு வேறு ரகம். வேரோடு கிளப்பாவிட்டால் ஒரு மாதத்தில் பழையபடி நிற்கும். மண்வெட்டிக்கு அசையாது, அலவாங்குதான்.

இனி வண்டல். முதல் இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் வெட்டிய சேற்றைக் கரையிலேயே குவித்தோம். வாய்க்கால் நடுவில் நன்றாகத் தெரிந்தது, படம் எடுத்தோம், எல்லாருக்கும் சந்தோசம். கமக்காரர் அமைப்பில் இருக்கும் ஐயா ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உதைக் கரையிலை வைக்கிறது வாய்க்காலுக்குக் கடன் குடுக்கிற மாதிரி. முதல் மழையோடை வட்டியும் சேர்த்து வாங்கிப்போடும்." புரட்டாதியில் ஒரு பின்னேரம் இடியோடு மழை பெய்தது. குவியலில் அரைவாசி உள்ளே போனது. கரை மண்ணும் சேர்ந்து போனது, அதுதான் வட்டி.

லாண்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கூலிக்குப் பிடித்து மிச்சத்தை ஏற்றினோம். ஒரு பெட்டிக்கு 3,000 ரூபா. ஆறு பெட்டி போனதோடு காசு கரையத் தொடங்கியது. கொட்டவும் இடம் இல்லை. குளத்து வண்டலை முந்தி வயலுக்கும் தோட்டத்துக்கும் ஆளுக்காள் அடித்துப் பிடித்து ஏற்றிய ஊர் இது. இப்போது ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று தோட்டக்காரரிடம் விசாரித்தால், ஒரே பதில்: "உதுக்குள்ளை போத்தல் ஓடு கிடக்கு, சேர். மண்வெட்டி பிடிக்கிறவன்ரை காலை ஆர் பாக்கிறது?"

ஆகவே அரித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். மேசன்மார் மண் அரிக்கும் அரிதட்டு மாதிரியே, 4 அடிக்கு 3 அடி மரச்சட்டம், அரை அங்குலக் கண் உள்ள வலை. செலவு 3,800 ரூபா. ஈரச் சேற்றை அரிக்க முயன்று ஒரு காலை முழுக்க வீணாகியது. வலையில் அப்பம் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அரை அடிக்கு மேல் உயராமல் பரப்பி, ஒரு கிழமை காயவிட்டு, மண்வெட்டிப் பின்பக்கத்தால் கட்டிகளை உடைத்துப் போட்டால்தான் விழும். தட்டைச் சாய்த்து வைத்து, ஒருவர் எறிய, இருவர் மேலே நிற்பதைப் பொறுக்கவேண்டும். கண்ணாடி, பற்றறி, ஊசி, செருப்பு, பொம்மைக் கை, எல்லாம் மேலே நின்றன. பற்றறியும் ஊசியும் தனிப் பேணிக்கு.

அரித்த மண்ணைப் பார்த்த பிறகு கதை மாறியது. தோட்டக்காரர்கள் தங்கள் லாண்ட்மாஸ்டரிலேயே வந்து ஏற்றினார்கள், எங்களுக்குக் கூலி மிச்சம். வாழைக்கும் தென்னைக்கும் மட்டும் போடுங்கள், கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தோம். றோட்டு ஒழுக்கு வந்து சேரும் வாய்க்கால், எண்ணெய் படிந்திருக்கலாம். இந்த ஒரு ஒழுங்கைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் 18,000 ரூபா மிஞ்சியிருக்கும்.

குப்பையில் காசாகக் கூடியது கொஞ்சம்தான். கழுவிய பிளாஸ்ரிக் போத்தலையும் உடையாத கண்ணாடிப் போத்தலையும் பழைய இரும்புக்காரர் எடுத்தார், எல்லாமாக 5,200 ரூபா. கழுவாததைத் தொடமாட்டார். லஞ்ச் சீற் (சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள்), யோகட் கப், பம்பஸ் இதற்கெல்லாம் வாங்குவார் இல்லை. லஞ்ச் சீற்றை 2017 இல் தடை செய்தார்கள். வாய்க்காலுக்குச் சட்டம் வந்து சேரவில்லை போலும், பொலித்தீன் பைக்கு அடுத்தபடியாக அதுதான் வந்தது. பிரதேச சபை உழவு இயந்திரம் வரும் நாளைக் கேட்டு, முதல் நாள் பின்னேரம் றோட்டோரம் அடுக்கினோம். நாள் தவறினால் நாய் கிழித்துப் பரப்பிவிடும். கொளுத்துவோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

துப்புரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, குப்பை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சின்னக் குழு வாய்க்காலோரமாக மேலே நடந்தது. கொப்பியில் படம் கீறி, குப்பை விழும் இடங்களுக்குச் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் வீடுகளின் பின்னால் அதிகம் இருக்கும் என்று நினைத்தோம். கூடுதலாக விழுந்தது றோட்டு மதகில். இரவில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நிற்பாட்டாமலே பையை எறிந்துவிட்டுப் போகிறார்கள். கோழி இறகு, சலூன் மயிர், சாப்பாட்டுப் பார்சல். மதகுக் கட்டில் ஐந்து அடி உயரத்துக்குப் பச்சை வலை அடித்து, சோலார் மின்குமிழ் ஒன்றும் பூட்டினோம். 8,500 ரூபா. மதகில் எறிவது குறைந்தது. நூறு மீற்றர் தள்ளி அடுத்த மதகில் கூடியது. அந்தச் செலவு தேவைதானா என்று இன்னும் எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், விளக்கு மட்டும் போதும்.

அதனால்தான் வருவதை மறிக்கும் எண்ணம் வந்தது. முதலில் மீன்வலை. கரையூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பழைய நைலோன் வலை தந்தார். ஒன்றரை அங்குலக் கண். மதகு வாயில் குறுக்காக, மேலும் கீழும் இழுத்துக் கட்டினோம். ஐப்பசியில் முதல் பெருமழை வந்த இரவே பூவரசம் இலையும் வாழைச் சருகும் வந்து ஒட்டி, வலை சுவராகிவிட்டது. தண்ணீர் பின்னால் ஏறி ஒரு வளவுக்குள் போகத் தொடங்கியது. விடிய நாங்கள் போனபோது வலை இரண்டாகத் தொங்கியது. அந்த வளவு அம்மா படலையடியில் கத்தியோடு நின்றார். "நான்தான் வெட்டினனான். வெட்டாட்டி என்ரை கோழிக்கூடு இப்ப அராலியிலை நிக்கும்."

அவர் செய்தது சரி. தண்ணீரை மறிக்காமல் மேலே மிதப்பதை மட்டும் மறிக்கவேண்டும். அப்படிப் பார்த்தால் மிதவைதான். பிளாஸ்ரிக் குழாயில் செய்யலாம் என்று விலை கேட்டோம். நாலு அங்குலக் குழாயும் மூடியும் பசையும் என்று போனால் அது மட்டும் பதினையாயிரத்துக்கு மேல் வந்தது. தரம் பிரிக்கும் இடத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைதான் கேட்டாள்: "சேர், இந்தப் போத்தல் எல்லாம் மிதந்துதானே வந்தது?" ஒன்றரை லீற்றர்ப் போத்தல் மூடி இறுக்கி இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோவைத் தாங்கும். வெட்டுப்பட்ட அதே மீன்வலையை நீளக் குழாயாகத் தைத்து, மூன்று வரிசையாக ஐம்பதுக்கு மேற்பட்ட போத்தல்களை உள்ளே அடுக்கினோம். தூண்டில் நூலால் ஓர் அடிக்கு ஒரு கட்டு. லேபலை உரித்துவிட்டு, ஒவ்வொரு போத்தலையும் வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த மூடி உதவாது.

மிதவை மட்டும் போட்டால் குப்பை அடியால் நழுவும். ஓர் அடி ஆழத்துக்குக் கீழே ஒரு பாவாடை வேண்டும். நிழல்வலை 6 மீற்றர் வாங்கி நீளவாக்கில் மூன்றாக மடித்துத் தைத்தோம். அடி விளிம்புக்குள் பாரம் வேண்டும். தோட்டத்துக்கு இறைத்த பழைய ஹோஸ் ஒன்றுக்குள் அரித்த மணலை நிரப்பி இரண்டு முனையையும் கம்பியால் இறுக்கிச் செருகினோம். ஈயக்குண்டு வாங்குவதை விட இது நல்லது. வளைந்து கொடுக்கும், காசும் இல்லை.

கட்டும் விதம்தான் முக்கியம். நேர்குறுக்காகக் கட்டினால் குப்பை நடுவில் போய் நிற்கும், எடுக்க எட்டாது. அந்த இடத்தில் வாய்க்கால் 11 அடி. மிதவையை 17 அடி நீளத்துக்குச் செய்து சரிவாக, ஏறத்தாழ 45 பாகையில் போட்டோம். மேல்முனை எதிர்க்கரைப் பனையில், கீழ்முனை றோட்டுப் பக்கக் கரையில். ஓட்டமே குப்பையை ஒதுக்கி றோட்டுப் பக்கம் கொண்டுவந்து தரும், நின்ற இடத்தில் வாரலாம்.

கீழ்முனைக்கு இரண்டு அங்குல ஜிஐ இரும்புக் குழாய் 10 அடி. அலவாங்கால் குத்தி இறக்கலாம் என்று போனால் ஒன்றேகால் அடியில் சுண்ணாம்புக் கல் "டங்" என்றது. யாழ்ப்பாணத்தில் எந்தக் குழி தோண்டினாலும் இந்தச் சத்தம் வரும். ஒன்றரை அடிச் சதுரக் கிடங்கு எடுத்து, கல்லில் ஒரு குழிவு கொத்தி, ஒரு பை சீமெந்தில் கொங்கிறீற் போட்டு நிறுத்தினோம். மிதவையைக் குழாயில் நேரே கட்டவில்லை. வெல்டிங் கடையில் மூன்று அங்குல வளையம் ஒன்று செய்வித்து, குழாயில் தளர்வாகப் போட்டு அதில் கட்டினோம். தண்ணீர் ஏறினால் வளையமும் ஏறும், இறங்கினால் இறங்கும். மேல்முனையில் மிதவை முழுக்க ஓடும் 12 மில்லிமீற்றர்க் கயிற்றை நிறுத்திவிட்டு, கடைசி முழத்துக்கு 6 மில்லிமீற்றர் மெல்லிய கயிறு போட்டோம். பெருவெள்ளம் வந்து வாழைக்குற்றி மாதிரி ஏதும் அடித்தால் அந்த இடம் முதலில் அறும். மிதவை கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும், ஆற்றோடு போகாது.

மிதவைச் செலவு: கயிறு 2,600, நிழல்வலை 2,700, குழாய் 6,500, சீமெந்து 2,300, வளையமும் வெல்டிங்கும் 1,500, நூல் 600. மொத்தம் 16,200 ரூபா.

வாருவதற்கு முறை வைத்தோம். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள், கரையோர வீடு ஒன்று. வட்ஸ்அப்பில் படம் போடவேண்டும். கோழிக்கூட்டு அம்மா தானாகவே முறை கேட்டு வாங்கினார். வாரும் கம்பி அவர் வீட்டில்தான் நிற்கிறது, கேட்காமல் எடுத்தால் ஏச்சு விழும். மழை தொடங்கிய புதிதில் ஒரு நாளைக்கு நான்கைந்து உரப்பை நிரம்பியது. கோடை முழுக்க றோட்டோரம் கிடந்ததெல்லாம் அப்போதுதான் வருகிறது. பிறகு இரண்டு நாளைக்கு ஒரு பை.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். நவம்பர் 25 இல் உயர்தரப் பரீட்சை தொடங்கி, மழையால் இரண்டாம் நாளோடு நிறுத்தி வைத்திருந்த கிழமை அது. எங்களில் கயிறு கட்டத் தெரிந்த பெடியள் எல்லாம் பரீட்சைக்காரர், கூப்பிட மனம் வரவில்லை. தண்ணீர் கரையை மேவியது. குழாய்ப் பக்கத்தில் வளையம் ஏறி, மிதவை தலையை மேலே வைத்திருந்தது. பனைப் பக்கத்தில் கயிற்றுச் சுருக்கு மரச் செதிலில் மாட்டி ஏறாமல் நின்றது. அந்த முனை தண்ணீருக்குள் அமிழ, குப்பை மேலால் போனது. பின்னேரம் மெல்லிய கயிறு அறுந்து, மிதவை நாங்கள் எண்ணியபடியே றோட்டுக் கரையில் போய் ஒதுங்கியது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் நான்கு போத்தல் நசிந்திருந்தது, பாவாடை ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. மெல்லிய கயிறு மாற்றினால் சரி. வண்டல் எடுத்த 400 மீற்றரில் தண்ணீர் மற்ற இடங்களை விட முந்தி வடிந்தது. அந்தப் பக்கத்து வயல்காரர் அதைக் கவனித்திருக்கிறார்கள். தைப்பொங்கல் கழிய இரண்டு பேர் தாங்களாக வந்து, அடுத்த துண்டை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டார்கள்.

டிசம்பரில் எலிக்காய்ச்சல் வந்து யாழ்ப்பாணத்தில் உயிர்களும் போயின. தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து, காலில் உள்ள சின்னக் கீறலால் உள்ளே போகும் நோய். பிள்ளைகளை உடனே நிறுத்தினோம். பெரியவர்கள் மட்டும் முழங்கால் பூட்சோடு, கரையில் நின்று வாரினார்கள். சேற்றுக்குள் இறங்குகிறவர்களுக்கு முற்காப்பு மாத்திரை உண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். நாங்கள் டிசம்பரில் கேட்டோம், ஆவணியில் கேட்டிருக்கவேண்டும். பெற்றோர் சிலர் இன்னும் பயத்தில் இருக்கிறார்கள், அவர்களில் பிழை இல்லை.

கரையில் வெட்டிவேரும் பனங்கொட்டையும் வைத்தோம். வெட்டிவேரில் பெரும்பாலானதை ஆடு தின்றுவிட்டது. ஓலை வேலி இல்லாமல் இனி வைப்பதில்லை. பனங்கொட்டை ஆறடிக்கு ஒன்று, அதைப் பற்றிச் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

மொத்தக் கணக்கு: கையுறை 7,000, உரப்பை 4,000, லாண்ட்மாஸ்டர் 18,000, அரிதட்டு 3,800, மதகு வலையும் விளக்கும் 8,500, மிதவை 16,200, தேத்தண்ணியும் பணிஸும் 14,000. கூட்டினால் 71,500 ரூபா. போத்தல் விற்ற 5,200 ஐக் கழித்தால் 66,300. கனடாவில் இருக்கும் ஊரவர் ஒருவர் 50,000 அனுப்பினார், மிச்சம் சனசமூக நிலையக் காசு. தேத்தண்ணிச் செலவைக் குறைக்கச் சொல்லிப் பொருளாளர் நிற்கிறார். அதை மட்டும் தொடமாட்டேன், காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள்.

அடுத்த ஆண்டுக்கு மாற்றப்போவது: பனையை விட்டுவிட்டு இரண்டு கரையிலும் குழாயும் வளையமும். வண்டல் வேலை ஆனியிலேயே தொடங்கி ஆவணிக்குள் முடியவேண்டும், காயவைக்க வெயில் வேண்டும். அரிதட்டு இரண்டு. முறைகாரர் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்து, பரீட்சைக்காரரை நம்பக்கூடாது. முழங்கால் பூட்ஸ் பத்துச் சோடிக்கு விலை கேட்டிருக்கிறோம், அது கையுறையைப் போல மலிவாக வராது. போத்தல்களை ஒவ்வொரு ஆவணியிலும் மாற்றவேண்டியிருக்கும், வெயிலில் நொறுங்கத் தொடங்கிவிட்டன. புதுப் போத்தலுக்குத் தட்டுப்பாடு வராது, இரண்டாம் மதகடியில் இப்போதே குவிந்து கிடக்கிறது.